பதினான்கில் ஐந்து: சிறு விடுதியின் புத்தாக்கத்தை அளப்பது எப்படி?

கேள்வி: ஹப்புத்தளைக்கு அருகே ஐந்து அறைகள் கொண்ட விடுதியொன்றை நானும் கணவரும் நடத்தி வருகிறோம். 2024 பெப்ரவரியில், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அக்காமார் இருவரை வழிகாட்டிகளாகக் கொண்டு தேயிலை மலை நடை ஒன்றைத் தொடங்கினோம். பிறகு, விருந்தினர் எங்கள் குசினியில் எங்களோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் மாலைச் சமையலையும் சேர்த்தோம். அண்மையில் கடன் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது, “கடந்த மூன்று ஆண்டுகளில் மேற்கொண்ட புத்தாக்கங்களையும் அவற்றின் அளவிடத்தக்க பலன்களையும் குறிப்பிடுக” என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். 14 விடயங்களை எழுதிக் கொடுத்தேன். “ஆக்கவுரிமை இருக்கிறதா? ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவழித்தீர்கள்? இவையெல்லாம் எந்த விடுதியிலும் இருப்பவைதானே?” என்று கேட்டு அதிகாரி திருப்பித் தந்துவிட்டார். வருமானம் கூடியிருப்பதே போதாதா என்பது என் கணவரின் கேள்வி. இதற்கிடையே பக்கத்து விடுதிக்காரரும் எங்களைப் பார்த்து நடையைத் தொடங்கிவிட்டார். எங்கள் பட்டியலையும் கணக்குக் கொப்பியின் பிரதிகளையும் இணைத்திருக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் புத்தாக்கத்தை எப்படி அளப்பது?
— ஒரு வாசகி, ஹப்புத்தளை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைவிட, அதனோடு வந்த கொப்பிப் பிரதிகளைத்தான் நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்தினர் வந்த நாள், போன நாள், எந்த வழியாக அறை பதிவானது, சாப்பாடு எத்தனை, நடைக்குப் போனவர்கள் எத்தனை பேர், அக்காமாருக்குக் கொடுத்த தொகை எவ்வளவு என்பவற்றையெல்லாம் நாள் தவறாமல் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்கும் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்தக் கொப்பியிலேயே இருக்கிறது. படிவத்தில் நீங்கள் எழுதிய 14 விடயங்களில்தான் அது இல்லை.

முதலில் அதிகாரியின் கேள்விகளை எடுத்துக்கொள்வோம். அவர் கேட்டவற்றில் முதல் இரண்டும் தொழிற்சாலைக்குப் பொருந்தும் கேள்விகள், விடுதிக்குப் பொருந்தா. அது அவருடைய தனிப்பட்ட தவறும் அன்று. ஏனென்றால் இந்தத் துறையின் அளவுகோல்களே தொழிற்சாலையில் பிறந்தவை. ஆராய்ச்சிச் செலவைக் கணக்கிடுவதற்கான ஃபிராஸ்காட்டிக் கையேடு 1963 இல் உருவானது. புத்தாக்கத்தை அளப்பதற்கென்று, ஓஈசீடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 1992 இல் வெளியிட்ட ஒஸ்லோ கையேட்டின் முதற் பதிப்பும் உற்பத்திக் கைத்தொழில்களின் தொழினுட்ப மாற்றங்களையே மனதிற்கொண்டு எழுதப்பட்டது. 1997 இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சேவைத்துறை உள்ளே வந்தது. சந்தைப்படுத்தலிலும் நிருவாக ஒழுங்கமைப்பிலும் நிகழும் புத்தாக்கங்களுக்கு 2005 இல்தான் இடம் கிடைத்தது. 2018 இன் நான்காம் பதிப்பு எல்லாவற்றையும் இரண்டே வகைகளுக்குள் அடக்கியது: வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பண்டத்திலோ சேவையிலோ வரும் புத்தாக்கம் ஒன்று, அதைக் கொடுப்பதற்காக நாம் உள்ளே வேலை செய்யும் முறையில் வரும் புத்தாக்கம் மற்றது.

ஆக்கவுரிமையை, அதாவது ஒரு கண்டுபிடிப்பைப் பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்தாதபடி காக்கும் ‘பேட்டன்ட்’ உரிமையைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வணிகம் நடத்துவதற்கான திட்டங்களுக்கும் விதிகளுக்கும் முறைகளுக்கும் ஆக்கவுரிமை வழங்கப்படுவதில்லை. ஆகவே தேயிலை மலை நடைக்கு ஆக்கவுரிமை இல்லையே என்று கேட்பது, சட்டம் கொடுக்கவே கொடுக்காத ஒன்றை ஏன் வைத்திருக்கவில்லை என்று கேட்பதாகும். இதை அதிகாரியிடம் பணிவாக, சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டுச் சொல்லலாம்.

ஆனால் அவருடைய மூன்றாவது கேள்வியைத் தள்ளிவிட முடியாது. “இவையெல்லாம் எந்த விடுதியிலும் இருப்பவைதானே?” என்று அவர் கேட்டதற்கு, உங்கள் பட்டியலே இடம் கொடுத்துவிட்டது.

ஒஸ்லோ கையேட்டின் வரையறையை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: ஒரு நிறுவனம் முன்பு கொடுத்துவந்த சேவையிலிருந்தோ முன்பு வேலைசெய்த முறையிலிருந்தோ குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டதாகவும், வெறும் யோசனையாக நிற்காமல் வாடிக்கையாளர் கைக்குச் சென்றதாகவோ நடைமுறைக்கு வந்ததாகவோ இருப்பதே புத்தாக்கம். அதில் எது சேராது என்பதையும் கையேடு சொல்கிறது. நிறத்தை மாற்றுவது போன்ற சிறு தோற்ற மாற்றம் சேராது. பழைய சாதனத்துக்குப் பதில் அதே வகையில் புதியது வாங்குவதும், இருப்பதையே இன்னும் இரண்டு கூட்டுவதும் சேரா. பருவத்துக்குப் பருவம் வழமையாகச் செய்யும் மாற்றம் சேராது. இன்னும் நடைமுறைக்கு வராத திட்டமும் சேராது. இந்தச் சல்லடையில் உங்கள் பட்டியலை இட்டால் சுவருக்கு அடித்த வர்ணம், புதிய திரைச்சீலை, உணவுப் பட்டியல் அட்டையின் புதிய வடிவம், மேலதிகமாக வாங்கிய இரண்டு கட்டில்கள், மாற்றிய தொலைக்காட்சி, மழைக்கால விலைக்கழிவு, அடுத்த ஆண்டு கட்ட எண்ணியிருக்கும் தேநீர் சுவைக்கும் அறை ஆகிய ஏழும் விழுந்துவிடும். பேஸ்புக் பக்கமும் லங்கா கியூஆர் கட்டண அட்டையும் உங்களுக்குப் புதியவைதான். ஆனால் பேஸ்புக் பக்கத்தில் எட்டு மாதமாக ஒன்றும் பதிவாகவில்லை. அட்டையை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பதும் கொப்பியில் இல்லை. அவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

மிஞ்சுவன ஐந்து: மலை நடை, மாலைச் சமையல், வட்ஸ்அப் வழியாக நேரடியாக அறை பதிவுசெய்யும் முறை, விருந்தினர் நிரம்பும்போது அயலிலுள்ள இரண்டு விடுதிகளோடு ஒருவருக்கொருவர் ஆளனுப்பும் ஏற்பாடு, முதல் நாள் இரவே சுடுதண்ணீர் நேரத்தைக் கேட்டுக் குறிக்கும் சீட்டு. முதல் இரண்டும் சேவையில் வந்தவை. மற்ற மூன்றும் வேலை முறையில் வந்தவை. பதினான்கு ஐந்தாகிவிட்டதே என்று மனம் வருந்த வேண்டாம். திரைச்சீலையையும் மலை நடையையும் ஒரே வரிசையில் எழுதினால், படிப்பவர் மலை நடையைத் திரைச்சீலையின் மதிப்புக்கு இறக்கிவிடுவார். அதிகாரி செய்தது அதைத்தான்.

எண்ணிக்கையைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆலோசகனாவதற்கு முன்பு நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்புப் பகுதியில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு பிரிவும் மாதம் ஒரு “புதிய யோசனை” கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒரு காலத்தில் அங்கே நிருவாகம் விதித்தது. உணவு மேசைத் துணிகள் அன்னமாகவும் விசிறியாகவும் மடிக்கப்பட்டன. வரவேற்புப் பானம் ஒரே ஆண்டில் மூன்று முறை மாறியது. ஆண்டு முடிவில் நீண்டதொரு பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போனது. அதே ஆண்டில் ரூம் போயாக இருந்த ஒரு தம்பி, ஹோர்ட்டன் சமவெளியில் மழையில் நனைந்து திரும்பும் விருந்தினரின் சப்பாத்துகளை இரவில் கேட்டு வாங்கி, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, பொயிலர் அறையின் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, விடிவதற்கு முன் காய்ந்த சப்பாத்துகளை அறை வாசலில் கொண்டுபோய் வைப்பான். தாளை நடுச்சாமத்தில் ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதைத் தானே கண்டுபிடித்து வைத்திருந்தான். காலையில் என்னிடம் சாவியைக் கொடுக்க வரும் விருந்தினர் முதலில் பேசியது அந்தச் சப்பாத்தைப் பற்றித்தான். அன்னத்தைப் பற்றி ஒருவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. அந்தத் தம்பிக்கு எழுத்து அவ்வளவாக வராததால், அது எந்த மாதப் பட்டியலிலும் ஏறவில்லை. அவன் கொழும்புக்கு வேலை மாறிப் போன வாரத்தோடு அந்தச் சேவையும் நின்றுபோனது. எழுதிவைத்து இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து அதைத் தொடரச் செய்ய எனக்கும் அப்போது தோன்றவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு புத்தாக்கத்தைப் பற்றியும் நான் இன்று முதலில் கேட்பது, அதைச் செய்பவர் ஒரு வாரம் லீவில் போனால் அது நடக்குமா என்பதுதான். நடக்காவிட்டால் அது ஒரு நல்ல மனிதரின் திறமை. உங்கள் விடுதியின் புத்தாக்கமாக இன்னும் ஆகவில்லை. உங்கள் மலை நடை இரண்டு அக்காமாரை நம்பி நிற்கிறது. அவர்கள் சொல்லும் கதைகளை, கூடையின் கயிறு நெற்றியில் பதிந்த காலத்தை, பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போன அதிகாலையை, யாரும் எழுதி இன்னொருவர் வாயில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் எந்த வழியால் போவது, தோட்ட நிருவாகம் கொடுத்த அனுமதிக் கடிதம் எங்கே இருக்கிறது, மழை பெய்த மறுநாள் எந்தச் சரிவைத் தவிர்ப்பது, காலைக் கடிக்கும் அட்டைகளுக்கு உப்பும் சவர்க்காரமும் யார் கொண்டுபோவது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் படமெடுக்கக் கூடாது என்பதைப் புறப்படும் முன் யார் சொல்வது ஆகியவற்றை எழுதலாம். மூன்றாவதாக ஒரு அக்காவைப் பழக்கலாம். அந்த இருவரும் இல்லாத நாளில் நடந்த நடைகள் எத்தனை என்று கொப்பியில் ஒரு நிரலைச் சேருங்கள். இப்போது அது பூச்சியமாக இருக்கும். அது பூச்சியத்திலிருந்து நகர்வதும் ஓர் அளவுதான்.

இனி உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். வருமானம் கூடியிருப்பது உண்மை. ஆனால் அது தனியாக எதையும் நிரூபிக்காது. உங்கள் கொப்பியின்படி 2023 இல் 520 அறை-இரவுகளும் 2024 இல் 690 அறை-இரவுகளும் விற்றிருக்கின்றன. ஓர் அறை ஓர் இரவு விற்றால் அது ஓர் அறை-இரவு. ஐந்து அறைக்கு ஆண்டுக்கு 1,825, நெட்டாண்டான 2024 இல் 1,830. அந்தக் கணக்கில் நூற்றுக்கு 28 ஆக இருந்த நிரம்பல் 38 ஆகியிருக்கிறது; விற்ற இரவுகள் ஏறத்தாழ 33 சதவீதம் கூடியிருக்கின்றன. பார்த்தால் பெரிய முன்னேற்றம். ஆனால் அதே காலத்தில் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை சுமார் 14 இலட்சத்து 87 ஆயிரத்திலிருந்து 20 இலட்சத்து 53 ஆயிரமாக, அதாவது 38 சதவீதம் உயர்ந்தது. ஆற்றில் வெள்ளம் ஏறும்போது எல்லாத் தோணியும்தான் ஏறும். உங்கள் தோணி வெள்ளத்தைவிடச் சற்றுக் குறைவாகவே ஏறியிருக்கிறது.

இதைப் படித்து உங்கள் புத்தாக்கம் வீண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நாடு முழுவதற்குமான எண்ணிக்கை உங்கள் வீதிக்கான சரியான அளவுகோல் அன்று. வந்தவர்களில் எத்தனையோ பேர் தென்கரையோரக் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள்; உங்களிடம் வரும் உள்நாட்டு விருந்தினர் அந்தக் கணக்கில் சேர்வதேயில்லை. மறுபக்கம், கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீகோ டிரெயில் நடைபாதை ஹப்புத்தளைப் பக்கமாகவும் செல்வதால், உங்கள் வீதிக்கென்றே தனியாக ஒரு வெள்ளமும் வந்திருக்கக்கூடும். உங்களுக்குப் பொருத்தமான ஒப்பீடு, நீங்கள் ஆள் மாற்றிக்கொள்ளும் அந்த இரண்டு அயல் விடுதிகள்தான். அவர்களிடம் வருமானத்தைக் கேட்காதீர்கள், யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு ஆண்டுகளிலும் விற்ற அறை-இரவுகளை மட்டும் கேளுங்கள், உங்களுடையதையும் கொடுங்கள். ஏப்ரலை ஏப்ரலோடும் நவம்பரை நவம்பரோடும் ஒப்பிடுங்கள். வசந்தகாலக் கூட்டத்தையும் ஐப்பசி மழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தப் புத்தாக்கமும் வென்றதாகவோ தோற்றதாகவோ தோன்றும். இதே காரணத்தால், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்கு முந்திய ஆண்டுகளோடும், பெருந்தொற்று ஆண்டுகளோடும், 2022 நெருக்கடி ஆண்டோடும் எதையும் ஒப்பிட வேண்டாம். ஐந்தறை விடுதியில் ஒரு மாதக் கணக்கை வைத்துத் தீர்ப்பெழுதவும் வேண்டாம்; இரண்டு குடும்பங்கள் கூடுதலாக வந்தாலே சதவீதம் துள்ளிவிடும்.

மொத்த வருமானத்துக்குப் பதிலாக, புதியவற்றிலிருந்து வந்த வருமானத்தின் பங்கைக் கணக்கிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தம் நிறுவனங்களிடம் நடத்தும் புத்தாக்க ஆய்விலும் இந்தக் கேள்வி உண்டு: அண்மைய ஆண்டுகளில் அறிமுகமான பண்டங்களும் சேவைகளும் மொத்த விற்பனையில் எவ்வளவு? உங்கள் 2024 கணக்கில் நடைக்குச் சென்றவர்கள் 186 பேர், ஆளுக்கு 3,500 ரூபா, ஆக 651,000 ரூபா. சமையலுக்கு 94 பேர், ஆளுக்கு 4,000 ரூபா, ஆக 376,000 ரூபா. மொத்த வருமானம் 83 இலட்சம். புதியவற்றின் பங்கு 12 சதவீதம்.

இந்த எண்ணை அப்படியே எழுதினாலும் ஒருவரும் தவறென்று சொல்லமாட்டார். ஆனால் உங்கள் கொப்பியைக் கவனித்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று பட்டது: மாலைச் சமையலில் சேர்ந்தவர்கள் அன்றிரவு தனியாக இராச் சாப்பாடு எடுக்கவில்லை. தாங்களே தட்டிய தேங்காய் ரொட்டியையும் இடித்த கட்டச்சம்பலையும் சாப்பிட்டபின் யார்தான் எடுப்பார்கள்? முன்பென்றால் அவர்கள் ஆளுக்கு 1,500 ரூபா கொடுத்து உங்களிடமே சாப்பிட்டிருப்பார்கள். 94 பேருக்கு அது 141,000 ரூபா. புதியது பழையதிலிருந்து விழுங்கிய தொகை அது. அதைக் கழித்தால்தான் சமையல் உண்மையில் கொண்டுவந்த மேலதிகம் தெரியும். அது 235,000 ரூபா. சமையலுக்கான மரக்கறியும் மாவும் எப்படியும் இராச் சாப்பாட்டுக்குச் செலவாகியிருக்கும் என்பதால் அதை மறுபடி கழிக்க வேண்டியதில்லை. நடையில் 81 முறைக்கு அக்காமாருக்குக் கொடுத்த 162,000 ரூபாவும், நடை முடிவில் தேநீரோடு கொடுக்கும் சிற்றுண்டிக்கான 46,500 ரூபாவும் கழியும். எல்லாம் போக 677,500 ரூபா மிஞ்சுகிறது. உங்கள் இருவரின் நேரத்துக்கு இன்னும் விலைபோடவில்லை. அதையும் மணிக்கணக்கில் எழுதத் தொடங்குங்கள். மாலையில் குசினியில் நின்று கதைத்துச் சிரித்துக்கொண்டே சமைப்பதும் வேலைதான் என்பதை நம் வீடுகளில் பெண்களே மறந்துவிடுகிறார்கள்.

அக்காமாருக்குச் சென்ற 162,000 ரூபாவை வெறும் செலவாக மட்டும் பார்க்காதீர்கள். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மூன்று மணி நேர நடைக்கு நீங்கள் 2,000 ரூபா கொடுக்கிறீர்கள். கூலிக்கணக்கில் மட்டுமே மதிக்கப்பட்ட ஓர் அறிவுக்கு வேறொரு விலை கிடைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. படிவத்தில் “சமூகப் பலன்” என்ற பகுதி இருந்தால் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதுங்கள். மாதம் ஒருமுறை அவர்களிடம், வழியில் எதையாவது மாற்ற வேண்டுமா, எந்த விருந்தினராவது மனம் நோகும்படி நடந்துகொண்டாரா என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிவையுங்கள். அவர்களுக்கு ஒவ்வாத நடை நீண்டகாலம் ஓடாது. அந்த எச்சரிக்கையைப் பணக்கணக்கு உங்களுக்கு முன்கூட்டியே தராது.

நடை தொடங்கியபின் “பலர் இரண்டாவது இரவும் தங்குகிறார்கள்” என்று ஒரு குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். இது மெய்யானால் உங்கள் மிகப் பெரிய பலன் இதுவாகத்தான் இருக்கும். ஒரு மேலதிக இரவின் வாடகை இரண்டு பேரின் நடைக் கட்டணத்தைவிடப் பெரிது. ஆனால் இங்கேதான் கணக்கு எளிதில் ஏமாற்றும். நடைக்குப் போனவர்கள் நீண்ட நாள் தங்கினார்கள் என்று கொப்பி காட்டுகிறது. நீண்ட நாள் தங்க வந்தவர்களுக்குத்தான் நடைக்குப் போக நேரம் இருந்தது என்றும் அதே கொப்பியைப் படிக்கலாம். ஒரு வழி இருக்கிறது. இணையப் பதிவுத் தளம் அனுப்பிய உறுதிப்படுத்தலில் எத்தனை இரவுக்குப் பதிவு செய்தார்கள் என்பது இருக்கிறது; உங்கள் கொப்பியில் எத்தனை இரவு தங்கினார்கள் என்பது இருக்கிறது. ஓரிரவுக்குப் பதிவுசெய்து வந்து, இங்கே வந்தபின் இன்னோர் இரவு கேட்டவர்களை மட்டும் எண்ணுங்கள். 2023 இல் எத்தனை, 2024 இல் எத்தனை? நடை இல்லாத ஆண்டிலும் அதே அளவு பேர் நீடித்திருந்தால் காரணம் நடை அன்று. மலையின் பனியாக இருக்கலாம், ரயிலில் இருக்கை கிடைக்காததாகவும் இருக்கலாம். இன்னும் உறுதி வேண்டுமானால் அடுத்த மூன்று மாதம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்: ஒரு வாரம், விருந்தினர் வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போதே நடையைப் பற்றிச் சொல்லுங்கள், மறுவாரம், அவர்களாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். இரண்டு வகை வாரங்களிலும் இரவை நீடித்தவர்களை எண்ணினால், பல்கலைக்கழகம் போகாமலே ஒரு நல்ல சோதனையை நடத்தியவர் ஆவீர்கள்.

விருந்தினரின் மதிப்பீடுகளைப் பொறுத்தவரை, நட்சத்திரச் சராசரியை நான் நம்புவதில்லை. எல்லா நல்ல விடுதிகளும் மேல்முனையில் நெருங்கி நிற்கும். அங்கே ஏற்ற இறக்கம் தெரியாது. சேவைத் தரத்தை அளக்க 1988 இல் வெளிவந்த சேர்வ்குவால் என்ற புகழ்பெற்ற வினாக்கொத்தில் 22 கூற்றுகள் உள்ளன. பெரிய ஹோட்டலுக்கு அது சரி. உங்கள் வீட்டுத் திண்ணையில் பயணப்பையோடு நிற்பவரிடம் அதை நீட்டுவது முறையன்று. அதற்குப் பதிலாக, யாரும் கேட்காமலே விருந்தினர் எழுதிய கருத்துகளை எடுத்து, அவற்றில் நடையைப் பற்றியோ அக்காமாரைப் பற்றியோ சொல்லியிருப்பவை நூற்றுக்கு எத்தனை என்று எண்ணுங்கள். கேட்காமல் வரும் பேச்சுக்குத்தான் எடை அதிகம்.

சுடுதண்ணீர்ச் சீட்டை நீங்கள் பட்டியலின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது. விறகு பொயிலரை விடியற்காலையில் எப்போது மூட்டுவது என்று தெரியாமல், ஹோர்ட்டன் சமவெளிக்கு நான்கு மணிக்குப் புறப்படுபவருக்குக் குளிர்தண்ணீரும், எட்டு மணிக்கு எழும்புபவருக்கு வீணாகக் கொதித்த தண்ணீரும் கொடுத்துவந்த இடத்தில், ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் அதைச் சரிசெய்திருக்கின்றன. இது அசல் வேலைமுறைப் புத்தாக்கம். ஆனால் சீட்டுக்கு முன்பு எத்தனை முறைப்பாடு வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. முன்னளவு இல்லாமல் பின்னளவுக்குப் பொருளில்லை. இரண்டு வழியில் அதை ஓரளவு மீட்கலாம்: 2023 இன் இணையக் கருத்துகளில் தண்ணீர் குளிர்ந்ததைச் சொன்னவர்களை எண்ணலாம், விறகு வாங்கிய பற்றுச்சீட்டுகள் இருந்தால் நூறு அறை-இரவுக்கு எவ்வளவு விறகு போனது என்று இரண்டு ஆண்டுக்கும் பார்க்கலாம். வட்ஸ்அப் பதிவுக்கும் இதே முறைதான். நேரடியாக வந்தவர்களின் பங்கையும், அதனால் மிஞ்சிய தளத் தரகையும் ஒரு வரியில் எழுதினால் போதும்.

பக்கத்து விடுதிக்காரர் உங்களைப் பார்த்து நடை தொடங்கியதைக் குறையாக எழுதியிருந்தீர்கள். சேவைத்துறையில் பார்த்துச் செய்வதைத் தடுக்க வேலி கிடையாது. படிவத்துக்கோ அது உங்களுக்குச் சாதகமான சான்று. புத்தாக்கம் யாருக்குப் புதியது என்று பிரித்துக் கேட்பது வழக்கம்: நிறுவனத்துக்கு மட்டும் புதியதா, அதன் சந்தைக்கே புதியதா, உலகத்துக்கே புதியதா? கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையின் கொழுந்து வாட்டும் மாடிகளை அறைகளாக்கி 1996 இல் ஹோட்டலாகத் திறந்தபோதும், 2005 இல் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் துரைமார் பங்களாக்களைச் சேர்த்து சிலோன் டீ டிரெயில்ஸ் என்ற பெயரில் ஒரே விடுதியாக நடத்தத் தொடங்கியபோதும், அவை இந்த நாட்டின் சந்தைக்கே புதியவையாக இருந்தன. உங்கள் நடை அவ்வளவு பெரிய உரிமையைக் கோர வேண்டியதில்லை. கொழுந்து பறித்தவரே வழிகாட்டியாக வரும் நடை உங்கள் வீதியில் முதலில் உங்களிடம் இருந்தது, பிறகு அயலுக்குப் பரவியது என்பதே நேர்மையான கூற்று. அதைச் சொல்லத் தேதி வேண்டும், அது உங்கள் கொப்பியில் இருக்கிறது. பக்கத்து விடுதிக்காரர் தம் வழிகாட்டிகளுக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்பதையும் விசாரியுங்கள். குறைவென்றால், இருவரும் ஒரே தொகைக்கு உடன்படுவது உங்கள் ஆள்மாற்று ஏற்பாட்டுக்கும் நல்லது.

படிவத்தில் மலை நடையைப் பற்றி இப்படி எழுதலாம்:

“2024 பெப்ரவரியில், ஓய்வுபெற்ற தோட்டப் பெண் தொழிலாளர் வழிகாட்டும் தேயிலை மலை நடையை அறிமுகப்படுத்தினோம். இது எமது விடுதிக்கும், எமக்குத் தெரிந்தவரை எமது வீதிக்கும் புதிய சேவை. அந்த ஆண்டில் 81 நடைகளில் 186 விருந்தினர் பங்கேற்றனர். 651,000 ரூபா கிடைத்தது. அதில் 162,000 ரூபா வழிகாட்டிகளுக்கு வழங்கப்பட்டது. எமது மொத்த அறை-இரவுகளும் அவ்வாண்டில் உயர்ந்தன. நாட்டின் சுற்றுலா வருகையும் உயர்ந்ததால் அந்த உயர்வு முழுவதையும் இச்சேவையின் பலனாக நாம் கோரவில்லை. தங்கும் இரவுகளில் இதன் தாக்கத்தைத் தனியாக அளந்து வருகிறோம்.”

கடைசி இரண்டு வாக்கியங்களையும் எழுதினால் கடன் கிடைக்காமல் போய்விடுமோ என்று கணவர் அஞ்சலாம். கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவர்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், தன் எண்ணைத் தானே குறைத்துச் சொல்லும் விண்ணப்பத்தின் மற்ற எண்களை அவர்கள் சந்தேகிப்பதில்லை. சமையலுக்கும் இதே வடிவில், விழுங்கிய தொகையைக் கழித்து எழுதுங்கள். வட்ஸ்அப்புக்கும் ஆள்மாற்று ஏற்பாட்டுக்கும் இரண்டிரண்டு வரி போதும். சுடுதண்ணீர்ச் சீட்டுக்கு, “நடைமுறையில் உள்ளது, அளவு எடுக்கப்படுகிறது” என்று மட்டும் எழுதிவிட்டு, வரும் ஏப்ரல் முடியும்வரை முறைப்பாடுகளையும் விறகையும் நாள்தோறும் குறித்து வாருங்கள். விண்ணப்பத்தோடு அறைகளின் புகைப்படங்களுக்குப் பதிலாகக் கொப்பியின் 2024 பெப்ரவரி, ஏப்ரல், ஓகஸ்ட் மாதப் பக்கங்களின் பிரதிகளை இணையுங்கள். விருந்தினரின் பெயரையும் கடவுச்சீட்டு இலக்கத்தையும் மறைத்துவிட்டுப் பிரதி எடுக்க மறவாதீர்கள்.